மெழுகுப் பல்

தகரப் பெட்டியை மேசைமேல் வைத்து
"இது நீங்கள்தானா?" என்கிறான் காப்பகத்துப் பையன்.
வெள்ளைக் கையுறை போட்டிருக்கிறான்.
என் வீட்டில் எதையும் யாரும் அப்படித் தொட்டதில்லை.

பெயரைத் தேடாதே தம்பி, இருக்காது.
'குட்டி தோரா' என்றுதான் போடுவார்கள்.
அது ஆற்றின் பெயர். ஸ்டுடியோ அதன் கரையில்.
எர்சீலியா என்றால் சுவரொட்டியில்
இடம் போதாதாம்.

கண்ணாடிக் கூரை. கண்ணாடிச் சுவர்.
வெயில் அடித்தால் வேலை.
மேகம் வந்தால் உட்கார்ந்து ரொட்டி தின்போம்,
அரசி, கொலைகாரன், பாதிரியார், நான்.

என் வேலை சாவது.
காய்ச்சலில் செத்தேன், பனியில், ரயிலடியில்,
ஒருமுறை சிங்கத்திடம்.
பாவம், அதற்கும் பல் கிடையாது.

அம்மா இஸ்திரி போடுகிறவள்.
சலவைச் சீட்டின் பின்பக்கத்தில்
கோடு கிழித்துக் கணக்கு வைத்தாள்:
சாவுக்கு ஐந்து லீரா,
அழுகைக்கு மூன்று,
சும்மா ஓடியாடும் பிள்ளைக்கு ஒன்றரை.
டூரினில் அப்போது
சிரிக்கிற பிள்ளைகளுக்குக் கிராக்கி இல்லை.

வயது ஆறு என்று எழுதிக்கொண்டார்கள்.
மறு வருடமும் ஆறு.
அதற்கு மறு வருடமும்.
என் தம்பி செல்சோவுக்கு ஆறு முடிந்து
ஏழு பிறந்த அன்று
நான் அவனுக்குத் தங்கையானேன்.
தெருவில் என் கையைப் பிடித்து
நடத்திப் போகச் சொல்லி அவனுக்கு உத்தரவு.
பிடித்தான், கிள்ளிக்கொண்டே.

இந்தப் படமா?
சனிக்கிழமை சாக ஆரம்பித்தேன்.
பாதியில் வெளிச்சம் போய்விட்டது.
ஞாயிறு விடுமுறை.
மிச்சத்தைத் திங்களன்று சாக வேண்டும்.

ஞாயிறு மத்தியானம் வாதுமைக் கொட்டை கடித்தேன்.
முன்பல்.

விழுந்த பல்லைத் தம்ளருக்கு அடியில் வைத்தால்
இரவில் எலி வந்து காசு வைக்கும் எங்கள் ஊரில்.
அம்மா எலிக்கு வேலை வைக்கவில்லை.
பல்லைக் கைக்குட்டையில் முடிந்து
ஸ்டுடியோவுக்கு எடுத்துப் போனாள்,
வேண்டுமென்று செய்ததில்லை ஐயா,
கூலி பிடிக்காதீர்கள் என்று காட்ட.

"சனிக்கிழமை பல்லோடு படுத்தவள்
திங்கள் பல்லில்லாமல் எப்படிச் சாவாள்?"
இயக்குநர் கவாட்சா தொப்பியை எறிந்தார்.
ஒப்பனைக்காரர் ஒன்றும் பேசவில்லை.
பக்கத்து அரங்கில் தேவாலயம் போட்டிருந்தார்கள்,
அதன் மெழுகுவத்தியில் கொஞ்சம் கிள்ளி
உருட்டி, நகத்தால் சீவி
என் ஈறில் ஒட்டினார்.
"இளித்துவிடாதே" என்றார்.

மிலான் பத்திரிகை ஒன்று எழுதியது:
'உதடுகளின் அந்தக் கடைசி நடுக்கம்!
மரணத்தை அறிந்த ஆன்மா இது.'
எழுத்து தெரியாத அம்மா
அதைக் கத்தரித்து
இஸ்திரி மேசைக்கு மேல் தலைகீழாக ஒட்டினாள்.

பிறகு ஒரு வருடம் கால் நீண்டுவிட்டது.
அவர்களிடம் இருந்த சாவுக் கட்டில் சின்னது.
போ என்று யாரும் சொல்லவில்லை.
ஆள் அனுப்பவில்லை, அவ்வளவுதான்.
சண்டைக் காலத்தில் படச்சுருள்களைக் கரைத்து
வெள்ளி எடுத்தார்களாம்.
எனக்கு அது பிந்தித்தான் தெரியும்.

அம்மா என்னைச் சாக்லேட் ஆலைக்குக் கூட்டிப்போனாள்.
"வயது?" என்றான் மேஸ்திரி.
"பதினைந்து."
எனக்குப் பன்னிரண்டு.
ஸ்டுடியோ கணக்கில் ஆறு.
ஒரே காலையில் ஒன்பது வருடம் வளர்ந்தேன்,
வாசலைத் தாண்டுவதற்குள்.

பையன் சுவரில் துணி கட்டி ஓட்டுகிறான்.
நான்கு நிமிடம் மிஞ்சியிருக்கிறது.
ஓரமெல்லாம் பூசணம் பூத்து
கட்டிலை நோக்கி வருகிறது.
தலையணையில் ஒரு முகம்.
மேலே குனிந்து அழுகிற பெண்ணின் பெயர்கூட மறந்துவிட்டது,
வெங்காய வாசனை இருக்கிறது.

"இதோ, இந்த நடுக்கம்" என்கிறான்.
கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான்.

நான் சொல்லவில்லை.
அது நாக்கு.
மெழுகு நழுவுகிறது, விழுங்கிவிடாமல்
உள்ளிருந்து முட்டுக் கொடுக்கிறாள்.
கொடுக்கையில் தட்டுப்பட்டுவிட்டது,
அதன் பின்னால், ஈறைக் கீறிக்கொண்டு
ரம்பம்போல் ஒரு விளிம்பு.
தடவுகிறாள். திரும்பத் தடவுகிறாள்.
கேமரா சுற்றிக்கொண்டிருக்கிறது,
எல்லோரும் அழுகிறார்கள்,
அவள் கண்ணைத் திறக்கவே இல்லை.